கவிழ்த்த டம்ளர்

அத்தியாயம் ஒன்பது

யானை மிதித்துச் செத்தவன், பைக்குக்கு இவ்வளவு ஒழுங்காக சைடு ஸ்டாண்டு போட்டு ஹாண்டிலையும் பூட்டிவிட்டுச் செத்திருக்க மாட்டான் என்பது முனீஸ்வரனின் கட்சி.

"மேடம், யானை வருதுன்னா நான் செருப்பைக்கூட விட்டுட்டு ஓடுவேன். இவரு சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, வாங்க யானையாரேன்னு நின்னிருக்காரு பாருங்க."

காவேரி காதில் போட்டுக்கொள்ளாமல் பைக்கைச் சுற்றி வந்தாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். கம்பெனிக்கு ஆள் எடுக்கும்முன் விசாரித்துச் சொல்வது, மாப்பிள்ளை குடிக்கிறானா என்று பார்த்துச் சொல்வது, இதுதான் அவள் பிழைப்பு. முனீஸ் அவளுடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். வாய்க்கு மட்டும் அவனுக்குச் சம்பளம் கிடையாது, அது இலவசம்.

சானமாவுக் காட்டை ஒட்டிய ரோட்டில், புளியமரத்து மறைவில் அந்தக் கறுப்பு பைக் நின்றிருந்தது. காலையில் ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துத் தகவல் சொல்லியிருந்தார்கள். பைக்கின் சொந்தக்காரன் நவீன்குமார், உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு வீட்டிலிருந்து கிளம்பியவன் திரும்பவில்லை. தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

கல்யாணப் பெண் சுசித்ரா காருக்குப் பக்கத்தில், துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அதே கம்பெனியில் அசெம்பிளி லைன் சூப்பர்வைசர். சின்ன உருவம், ஐந்தடியைத் தொடமாட்டாள். நவீனின் அம்மா நஞ்சம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு காவேரியின் மாடிப்படி ஏறி வந்தவள் இவள்தான்.

"அந்த ஞாயிறு இந்தப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கினதா பேசிக்கிட்டாங்க மேடம்" என்றாள் சுசித்ரா. "அவருக்கு யானைன்னா பைத்தியம். போட்டோ எடுக்கப் போயிருப்பாரு. காட்டுக்குள்ள தேடச் சொன்னா..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

"முனீஸ், பைக்ல ஏறி உக்காரு."

"போலீஸ் வந்து கேட்டா?"

"யானைன்னு நினைச்சு விட்டுடுவாங்க. உக்காரு."

முனீஸ் ஏறி உட்கார்ந்தான். ஆறடி உயரம். நவீனும் கிட்டத்தட்ட அதே உயரம் என்று நஞ்சம்மா சொல்லியிருந்தாள், அதனாலேயே அவளுக்கு முனீஸைப் பார்த்தால் கண் கலங்கிவிடும்.

"கண்ணாடியில என்ன தெரியுது?"

"தரை தெரியுது மேடம். பின்னால வர்ற லாரி தெரியலை, அதோட டயர்தான் தெரியுது. இப்படி ஓட்டினா யானை எதுக்கு, லாரியே போதும்."

காவேரி மறுபக்கக் கண்ணாடியையும் பார்க்கச் சொன்னாள். அதிலும் தரைதான். அவள் பெட்ரோல் டாங்கின்மேல் மாட்டியிருந்த பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கை விட்டாள். ஒரு துடைப்புத் துணியும், நெல்லிக்காய் அளவில் பித்தளையில் ஒரு கட்டியும் வந்தன. பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு எண். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், தலைகீழாகத் தொங்கும் ஒரு குட்டி மனிதன் செதுக்கியிருந்தது.

"ஏதாவது மெஷின் பார்ட்டா இருக்கும்" என்றாள் சுசித்ரா.

முனீஸ் அதைக் கையில் வாங்கியதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"மேடம், இது திரிசங்கு! டிவியில சனிக்கிழமை காலையில போடுவான். திரிசங்கு ஏழுன்னு ஒரு விண்வெளிக் கப்பல். பூமிக்கும் திரும்ப முடியாது, வேற எங்கயும் போய்ச் சேரவும் முடியாது. எல்லாம் அட்டைப்பெட்டியில செஞ்சது. கதவைச் சாத்தினா சுவரு ஆடும். வாராவாரம் கப்பல்ல காத்து பத்தாம போயிடும், யாராவது ஒருத்தனைக் கதவைத் திறந்து வெளிய தள்ளிடுவாங்க. எங்க தெருவுலயும் அதை விளையாடுவோம்."

"நீ கேப்டனா?"

"நான் வெளிய போறவன். வாய் சும்மா இருக்காதுன்னு எப்பவும் என்னைத்தான் தள்ளுவானுங்க."

அப்போது அவன் சட்டைப்பையில் தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரன் அலறியது. அதுதான் அவனுடைய போன் மணி. ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வைத்திருந்தான்.

"நஞ்சம்மா" என்று காவேரியிடம் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"சாமி, சாப்பிட்டியா?" எப்போது கூப்பிட்டாலும் அவளுக்கு முதல் கேள்வி அதுதான். ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிற வேலை. பின்னால் கத்தரிகளின் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டேன்மா. மேடம் ஒண்ணு கேக்கணுங்கறாங்க."

"ஞாயித்துக்கிழமையில நவீன் எங்கம்மா போவான்?" என்றாள் காவேரி.

"வேப்பனப்பள்ளி ரோட்டுல மாங்கூழ் கம்பெனி இருக்குதுங்களே, அங்கதாங்க. டிவியில வந்த கப்பல் கதைய மேசை மேல வெச்சிக்கினு விளையாடுவாங்களாம். பிரகாஷுன்னு ஒரு தம்பி. ஏங்க, சுசித்ராவுக்குத் தெரியுமே, சொல்லலீங்களா? எம் பையன் கிடைச்சிடுவானுங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேன்மா."

காவேரி திரும்பிப் பார்த்தாள். சுசித்ராவின் அழுகை நின்றிருந்தது.

"பொம்மை விளையாட்டு மேடம், கல்யாண வயசுல. அதை வெளிய சொல்லவே வெக்கமா இருந்துச்சு. நான் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை."

"சரி, இன்னிக்குப் போலாம் வாங்க" என்றாள் காவேரி.

மாங்காய் சீசன் முடிந்த கூழ் கம்பெனிக்கும் கல்யாணம் முடிந்த மண்டபத்துக்கும் வித்தியாசம் கிடையாது. ஈயும் வாசனையும் மட்டும் மிச்சம். ஆளுயரத்துக்கு எவர்சில்வர் தொட்டிகளும் குழாய்களும் சும்மா நின்றன. விண்வெளிக் கப்பல் என்று யாராவது சொன்னால் நம்பலாம்போல் இருந்தது. அட்டைப்பெட்டிக் கப்பலைவிட எவ்வளவோ மேல் என்று முனீஸ் நினைத்துக்கொண்டான்.

"கேட்டு தீயி" என்று, கேட்டைத் திறக்கச் சொல்லிக் காவலாளியிடம் தெலுங்கில் கத்திக்கொண்டே வந்தவன் கோவிந்தப்பன். கம்பெனியின் மேற்பார்வை அவனிடம். கதவடைக்கும் உடம்பு, அதற்குள் ஒரு கோழிக்குஞ்சின் குரல்.

"எனக்குத் தலை வலிக்குது மேடம், கார்லயே இருக்கறேன்" என்றாள் சுசித்ரா.

கோவிந்தப்பன் கார்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு போலிருக்கிறது, பெண் இருக்கிற இடத்தில் எட்டிப் பார்க்காத ஆள் என்று முனீஸ் மனசுக்குள் மெச்சினான். பிற்பாடு இதை நினைத்து அவனே அவன் தலையில் குட்டிக்கொண்டான்.

"நவீன்ங்களா? வந்தாருங்க. அன்னிக்கு நல்லா விளையாடினாரு. ஆட்டம் முடிஞ்சு எங்ககூட உக்காந்து டீ குடிச்சாரு. அப்பறம் பைக்கை எடுத்துக்கினு கிளம்பிட்டாருங்க."

"சிரிச்ச முகமாவா?"

"ஆமாங்க, சிரிச்சிக்கினுதான்."

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு மேடு. சீசனில் கூழெடுத்து எறிந்த மாங்கொட்டைகள். மழை பெய்ததில் மேடு முழுக்க முளைத்து, செம்பு நிறத் தளிர் தலைகாட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு கட்டில் அளவுக்கு மட்டும் ஒன்றுமே முளைக்கவில்லை.

"என்னண்ணே, மாங்கொட்டைக்கும் வழுக்கை விழுதா?" என்றான் முனீஸ்.

கோவிந்தப்பன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

ருசி பார்த்துத் தரம் பிரிக்கிற அறைதான் அவர்களின் ஆட்ட அறை. மேசைமேல் அலுமினியத் தகடு ஒன்றில் கப்பலின் அறைகளைக் கோடு கோடாகச் செதுக்கியிருந்தது. பெயின்ட் அடித்த போல்ட்டுகள்தான் காய்கள். ஒரு நீலம், ஒரு மஞ்சள். தகட்டின் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். அதில் ஒன்றின்மேல் மட்டும் சாக்கை நாலாக மடித்து, உயரத்துக்குப் போட்டிருந்தது.

ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவன் பித்தளைப் பகடைகளையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் பிரகாஷ். டிசைன் இன்ஜினியர். டிவித் தொடரை மேசை விளையாட்டாக மாற்றியவன். கதையை நடத்திச் செல்கிறவனும் அவனே.

"காலி பண்றீங்களா?" என்றாள் காவேரி.

"ஆள் குறைஞ்சுடுச்சு மேடம். மூணு பேர்தான் விளையாடிட்டு இருந்தோம். நான் கதை சொல்லுவேன், இவரும் நவீனும் விளையாடுவாங்க."

"நாலு நாற்காலி இருக்கே?"

"ஒண்ணு சும்மா கிடக்குது மேடம்."

"மஞ்சள் போல்ட்?"

"கப்பல் கேப்டன். அதை நானே நகர்த்துவேன்."

கோவிந்தப்பன் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தான். டம்ளர் ஒன்று குறைந்தது. முனீஸ் எதிரில் கவிழ்ந்திருந்த டம்ளரைப் பிடித்துத் தூக்கினான். அடியில் ஒரு பச்சை போல்ட் நின்றது.

"தொடாதீங்க!"

பிரகாஷ் அலறிய அலறலில் முனீஸின் கை அப்படியே நின்றுவிட்டது. கோவிந்தப்பன் பிளாஸ்கைச் சாய்த்துவிட்டான். டீ தரையெங்கும் ஓடியது, யாரும் அதைத் துடைக்கக் குனியவில்லை.

"டம்ளர்தானேப்பா, உங்க குலதெய்வமா?" என்றான் முனீஸ்.

"அப்படியே வெச்சுடுங்க... ப்ளீஸ். அது நவீனோட காய்."

டம்ளர் மறுபடி கவிழ்ந்தது. காவேரி சாக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் புரியலை. டம்ளருக்கு எதுக்கு இந்த மரியாதை?" என்று அப்பாவியாகக் கேட்டாள். விளையாட்டைப் பற்றிக் கேட்டால் போதும், பிரகாஷ் மாதிரி ஆட்கள் கழுத்தில் கத்தி இருந்தாலும் விளக்குவார்கள்.

"கப்பல்ல காத்து குறையும்போது எல்லாரும் பகடை உருட்டணும். கம்மியா விழுந்தவன் வெளிய போகணும். அவன் காய் மேல டம்ளரைக் கவுத்துடுவோம். அவனும் நிஜமாவே இந்த ரூமை விட்டுப் போயிடணும். எதிர்ல இருக்கே, பழுக்க வைக்கிற ரூம், அதான் எங்க வெளி. கேப்டன் கதவைத் திறக்கச் சொன்னாத்தான் உள்ள வரலாம். வந்தவனே தன் கையால டம்ளரை எடுக்கணும். வேற யாரும் தொடக்கூடாது. நாங்க ஆரம்பிச்ச நாள்லேருந்து யாரும் தொட்டதில்லை."

"உள்ளேருந்து அவன் கூப்பிட்டா?"

"விண்வெளியில சத்தம் கிடையாது மேடம்." பிரகாஷின் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. "அறிவியல்படி அதுதான் சரி. அதனால வெளிய போனவன் என்ன தட்டினாலும் கத்தினாலும், கப்பல்ல இருக்கறவங்க கேக்காத மாதிரிதான் இருக்கணும். திரும்பிப் பாத்தாலே அவனும் அவுட்."

"ரொம்பத் திட்டம் போட்டுச் செஞ்சிருக்கீங்க" என்றாள் காவேரி. "அப்போ நவீன் அன்னிக்கு வெளிய போனான். திரும்பி வந்து டம்ளரை எடுக்கலை. ஆனா இவரு, ஆட்டம் முடிஞ்சு நவீன் இங்க உக்காந்து டீ குடிச்சான்னு சொல்றாரே?"

பிரகாஷ் கோவிந்தப்பனைப் பார்த்தான். கோவிந்தப்பன் டீயில் நனைந்த தன் கால்களைப் பார்த்தான்.

"அவன் கோவிச்சுக்கிட்டுப் பாதியிலேயே போயிட்டான்" என்று பிரகாஷ் அவசரமாகச் சொன்னான்.

"சிரிச்சிக்கினே கோவிச்சுக்கினாரு போல" என்றான் முனீஸ்.

காவேரி எழுந்தாள். "அந்த ரூமைக் காட்டுங்க."

கனமான கதவு. வெளியே நீளமாக ஒரு கைப்பிடி. உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான் இருந்தன. சுவரெல்லாம் வாழைப்பழ வாசனை ஊறிப்போயிருந்தது.

"சீசன் முடிஞ்சா வாழைத்தாருக்கு வாடகைக்கு விடுவோங்க" என்றான் கோவிந்தப்பன்.

"முனீஸ், உள்ள போ. சாத்தினதும் தட்டு, கத்து. எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்."

"மறுபடியும் நானா?"

"இப்ப காலியாத்தாங்க இருக்குது, பயமில்ல" என்றான் கோவிந்தப்பன், யாரும் கேட்காமலே.

கதவு மூடியது. முனீஸுக்குத் தன் கையே தெரியவில்லை. முதலில் விளையாட்டாகத் தட்டினான், சினிமாப் பாட்டுத் தாளத்தில். பதில் வரவில்லை. பிறகு பலமாகத் தட்டினான். உள்ளங்கை எரிந்தது. மேடம் ஆட்ட அறையில் உட்கார்ந்திருப்பாள், கேட்டதும் வந்துவிடுவாள் என்று தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரத்தில் கதவில் இல்லாத கைப்பிடியைத் தேடித் தடவினான். சிறுவயதில் தெருவில் இவனை வெளியே தள்ளிவிட்டுச் சாத்திய கதவுகளெல்லாம் சேர்ந்து எதிரில் நிற்பதுபோல் இருந்தது. "மேடம், போதும் மேடம்!" என்று கத்தியபோது அவன் குரலில் கேலி ஒரு துளியும் இல்லை.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் காவேரி நின்றாள்.

"கேட்டுச்சா?"

"தெளிவா கேட்டுது முனீஸ். நீ அழுதது வரைக்கும்."

"நான் எங்க அழுதேன்?"

அவள் அவன் தோளைத் தொட்டாள். அதுவரை ஒரு நாளும் தொட்டவளில்லை. விஷயம் கெட்ட விஷயம் என்று முனீஸுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் போனில் யாரோடோ தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு, "கார்ல இருக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வா. தனியா விட்டா பாவம்" என்றாள்.

சுசித்ரா வந்தாள். பிரகாஷையும் கோவிந்தப்பனையும் யாரோ புதியவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கும்பிட்டாள். அவர்களும் கும்பிட்டார்கள்.

"உக்காரும்மா. ஓ, இவன் வேற மூச்சு வாங்கறான். அந்தக் குடத்துல தண்ணி இருக்கு, உன் எதிர்ல இருக்கிற டம்ளர்ல கொஞ்சம் மொண்டு குடேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள் காவேரி. கவிழ்ந்த டம்ளர் சுசித்ராவின் கைக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை அதை நோக்கிப் போனது. தொடுவதற்கு முன் நின்றது. பிறகு அது வளைந்து மேசையின் மறுகோடிக்குப் போய், யாரோ எச்சில் பண்ணி வைத்த டீ டம்ளரை எடுத்தது. அதை அவள் மூலையிலிருந்த குழாயடிக்குக் கொண்டுபோய், தேய்த்துக் கழுவி, தண்ணீர் மொண்டு கொண்டுவந்து முனீஸிடம் நீட்டினாள்.

முனீஸ் வாங்கினான். குடிக்கவில்லை. அவனுக்கும் புரிந்துவிட்டது.

"ஏம்மா, சுத்தமா ஒரு டம்ளர் கைகிட்டேயே இருக்கே?"

"அது... எதுக்கோ வெச்சிருக்காங்க போலன்னு..."

"இவன் வந்ததும் அதைத்தான் தூக்கினான். யாரா இருந்தாலும் தூக்குவாங்க. தூக்காதவங்க இந்த மேசையில விளையாடினவங்க மட்டுந்தான். இதோ, எல்லாத்தையும் பெட்டியில போட்ட பிரகாஷால இதை மட்டும் எடுத்துப் போட முடியலை பாரு. ஒரு நாள்கூட இந்தப் பக்கம் வராதவளுக்கு எதுக்கும்மா கை பாதியில நிக்குது?"

காவேரி சாக்கு போட்ட நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"பைக் கண்ணாடி ரெண்டையும் குள்ளமா இருக்கிற ஒருத்தர் தன் உயரத்துக்குத் திருப்பி வெச்சிருக்காங்க. இங்க ஒரு நாற்காலிக்கு உயரம் பத்தாம சாக்கு போட்டிருக்கு. இவங்க ரெண்டு பேரும் சாக்கு தேவைப்படற ஆளுங்க இல்லை. மஞ்சள் போல்ட் உன்னுது. அன்னிக்கு நீதான் கேப்டன். கதவைத் திறக்கச் சொல்ல வேண்டியவ."

"மேடம்..." முதலில் உடைந்தவன் பிரகாஷ். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். "எப்பவும்போலத்தான்னு நெனச்சோம். தட்டினான். ரொம்ப நேரம் தட்டினான். நான்... நான் அதையும் கதையில சேத்துட்டேன். கப்பல் மேல விண்கல் மோதுது, ஒவ்வொரு மோதலுக்கும் எல்லாரும் பகடை உருட்டுங்கன்னு சொன்னேன்."

"உருட்டினீங்களா?"

"உருட்டினோம்."

"எப்ப நிறுத்தினீங்க?"

"மோதல் நின்னப்புறம்."

முனீஸ் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"இவரு 'இப்ப' காலின்னு சொன்னாரே, அந்த 'இப்ப' எனக்கு உறுத்துச்சு" என்று காவேரி கோவிந்தப்பனிடம் திரும்பினாள். "அன்னிக்குக் காலி இல்லை. உள்ள என்ன இருந்துச்சு?"

"ரூம் நெறய வாழைத்தாருங்க. சாத்தி வெச்சா உள்ள இருக்கிற நல்ல காத்தைப் பழமே தின்னுப்புடும், ஆள் நிக்க முடியாது. நான் சொன்னேங்க!" அவன் குரல் கிறீச்சிட்டது. "உள்ள தார் இருக்குது, சீக்கிரம் தொறக்கச் சொல்லும்மான்னு இவகிட்ட சொன்னேன். ஆட்டத்துக்குள்ள இருந்து பேசு, ஆட்டத்துல வாழைத்தார் கிடையாதுன்னுட்டா. அதுக்கு மேல பேசினா நானும் அவுட்டுங்களே."

அதைச் சொல்லிவிட்டு அவன் எல்லோருடைய முகத்தையும் பார்த்தான். அவன் சொன்னது நியாயம் என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அந்தத் தடிமாட்டுக்கு அப்போதும் புரியவில்லை.

சுசித்ரா சாக்கு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். அழுகையெல்லாம் எங்கோ போய்விட்டது. மஞ்சள் போல்ட்டைக் கையில் எடுத்து உருட்டினாள்.

"ஆடி மாசம் நான் வெளிய போனேன் மேடம். அன்னிக்கு நவீன் கேப்டன். எனக்கு இருட்டுன்னா ஆகாது, அவருக்கு அது தெரியும். நான் தட்டினேன், அவர் பேரைச் சொல்லி அழுதேன். விண்வெளியில சத்தம் கிடையாதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. இவங்களும் சிரிச்சாங்க. கதவைத் திறந்தப்ப என் துணியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. மறுநாள் கம்பெனி பஸ்ல அதையும் கதை மாதிரி சொன்னாரு. பஸ்ஸே சிரிச்சுது. லைன்ல என்கீழ வேலை செய்யறவங்க, என்னைப் பாத்ததும் வாயைப் பொத்திக்கறாங்க."

"கல்யாணத்தை நிறுத்தியிருக்கலாமே?"

"எதுக்குன்னு கேப்பாங்க. நனைஞ்ச கதையை நானே எங்க வீட்ல சொல்லணுமா?" போல்ட்டை மேசையில் நிறுத்தினாள். "கேப்டன் ஆகற முறை எனக்கு வரட்டும்னு காத்திருந்தேன். வந்துச்சு."

"அதுக்கு அப்புறம் அவன் அம்மாவையே கூட்டிட்டு என்கிட்ட வந்தே."

"அந்தம்மா தினமும் வந்து என் வாசல்ல உக்காந்துச்சு. யானைதான்னு யாராவது சொல்லிட்டா போயிடும்னு நெனச்சேன்."

"நீ அவனைத் தேடச் சொல்லி வரலை. தேடினா கிடைப்பானான்னு பாத்துக்க வந்தே."

"ஓசூர்லயே சின்ன ஆபீஸா பாத்து வந்தேன்" என்றாள் சுசித்ரா. அதுதான் தன்னுடைய ஒரே தப்பு என்பதுபோல் சொன்னாள்.



"மேட்டுல ஒரு இடம் மட்டும் முளைக்கலை" என்று காவேரி கோவிந்தப்பனிடம் மெதுவாகச் சொன்னாள். "முளைச்ச கொட்டையையெல்லாம் தோண்டிக் குழிக்குள்ள தள்ளி மூடினா எப்படி முளைக்கும்? போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்துக்கிட்டிருக்காரு. அவருக்கு முன்னாடி நீயே போய்க் காட்டு."

கோவிந்தப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். ஜன்னல் வழியே மாங்கன்றுகளின் செம்புத் தளிர்கள் காற்றில் ஆடுவது தெரிந்தது. ஓரத்தில் அந்த வெற்றிடமும் தெரிந்தது. வழுக்கை என்று கேலி பண்ணியது நினைவுக்கு வந்ததும் முனீஸுக்குத் தன் நாக்கை அறுத்தெறியலாம்போல் இருந்தது.

அப்போது ஹாரன் அடித்தது.

மூடிய அறையில் அந்த ஏர் ஹாரன் சுவரெல்லாம் மோதி அலறியது. எடுத்துப் பார்க்காமலே யாரென்று எல்லோருக்கும் தெரியும். பிரகாஷ் தரையைப் பார்த்தான். கோவிந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான். சுசித்ரா மஞ்சள் போல்ட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள், அவள் காதில் ஒன்றும் விழவில்லை என்று சத்தியம் பண்ணலாம். காவேரிகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடுக்காமல் விட்டால் மணி தானாக நின்றுவிடும். கார் ஓட்டிக்கிட்டிருந்தேன், கேக்கலைம்மா என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு சுலபம் என்று முனீஸுக்கு அந்த நிமிஷம் விளங்கியது. அந்தச் சுலபம் அவனைப் பயமுறுத்தியது.

கையில் இருந்த தண்ணீரைக் கீழே வைத்தான். போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"சாமி, சாப்பிட்டியா?" என்றாள் நஞ்சம்மா. "எவ்வளவு நேரம் மணி அடிச்சுது, எடுக்கலையே. என் சத்தம் கேக்குதா சாமி?"

"கேக்குதும்மா" என்றான் முனீஸ். "நல்லா கேக்குது. நீங்க இருக்கற எடத்துலயே உக்காருங்க, நான் நேர்ல வர்றேன்."